மலையேறும் பழைய ஜீப்பின் சேசிஸ் விரிசல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போடி, கம்பம் பகுதிகளிலிருந்து இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்பவை, சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் சுற்றுலாப் பயணிகளுடன் ஏறுபவை, ராணுவ ஏலத்தில் எடுத்துக் காட்டுப் பாதையில் ஓட்டுவதற்கென்றே வைத்திருப்பவை என நம் பக்கத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மகிந்திரா ஜீப்புகள் ஏராளம். சி.ஜே.3பி, எம்.எம்.540, மேஜர் ஆகிய எல்லாமே வில்லிஸ் ஜீப்பின் வழிவந்தவை. ஏணி வடிவச் சேசிஸின் மேல் பாடி உட்கார்ந்திருக்கும் அமைப்பு கொண்டவை. அந்தச் சேசிஸில் விரிசல் கண்டால் என்ன செய்வது என்பது குறித்து வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

இவ்வளவு கனமான இரும்பு ஏன் விரிசல் விடுகிறது?

ஒரே ஒரு பெரிய அடியால் விரிசல் விழுவது அரிது. சிறிய சுமை லட்சக்கணக்கான முறை மாறி மாறி ஏறி இறங்குவதால் உலோகம் களைத்துப்போய், ஏதாவது ஒரு பலவீனமான புள்ளியிலிருந்து மெல்லப் பிளக்கத் தொடங்குகிறது. ரிவெட் துளையின் விளிம்பு, பழைய வெல்டிங் முடியும் இடம், துரு அரித்த குழி, சேனலின் (சேசிஸின் இரு பக்கமும் நீளவாக்கில் ஓடும் சி வடிவச் சட்டத்தின்) ஓரத்தில் கல் பட்டு விழுந்த வெட்டு ஆகியவை அத்தகைய புள்ளிகள். இழுவிசை தாங்கும் தகட்டில் ஒரு வட்டத் துளை இருந்தால், அதன் விளிம்பில் தகைவு, அதாவது உலோகத்தின் ஒவ்வொரு சிறு பரப்பும் தாங்கும் விசை, ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. ஆகவே யாரோ ஒருவர் ஒயர் கிளிப் மாட்டுவதற்காகச் சேனலின் மேல் விளிம்பில் போட்ட துளைகூடப் பத்து ஆண்டுகள் கழித்துத் தன் வேலையைக் காட்டும்.

இவற்றோடு ஜீப்புக்கே உரிய வேறொரு காரணமும் உண்டு. பழைய ஜீப்பின் பட்டைகள் (லீஃப் ஸ்பிரிங்குகள்) ஷேக்கிள் என்னும் அசையும் இணைப்பில் தொங்குகின்றன. அந்த ஷேக்கிளின் மரை போட்ட புஷ்களுக்குக் கிரீஸ் நிப்பிள் வழியாக அவ்வப்போது கிரீஸ் அடிக்க வேண்டும். சுமை ஏறும்போது பட்டை நிமிர்ந்து நீளமாகும். அந்த நீளத்துக்கு இடம் கொடுப்பதே ஷேக்கிளின் வேலை. கிரீஸ் காய்ந்து, சேறு புகுந்து, ஷேக்கிள் இறுகிவிட்டால், பட்டை நீள இடமில்லாமல் போய், அந்த விசை முழுவதும் சேசிஸில் உள்ள பிராக்கெட்டைப் பிய்த்து இழுக்கிறது. பட்டறைக்கு வரும் ஜீப்பில் பிராக்கெட் அருகே விரிசலைக் காட்டினால், நான் முதலில் பார்ப்பது விரிசலை அல்ல, ஷேக்கிள் அசைகிறதா என்பதையே. இறுகிய ஷேக்கிளை அப்படியே விட்டுவிட்டு விரிசலை மட்டும் வெல்டு செய்தால், அது மீண்டும் பிளக்கும். அதே இடத்தில் இல்லாவிட்டால் அதற்கு ஒரு விரல் தள்ளிப் பிளக்கும். அதிக ஆள் ஏற்றுவதற்காகக் கூடுதல் பட்டை சேர்ப்பதும் இதே கேட்டைத்தான் செய்கிறது.

விரிசலை எங்கே தேட வேண்டும்?

முன் பட்டையின் இரு பிராக்கெட்டுகளைச் சுற்றியும், ஸ்டியரிங் பாக்ஸ் போல்ட்டுகளைச் சுற்றியும், ஷாக் அப்சார்பர் மேல்முனை பொருந்தும் இடத்திலும், கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம் பக்கச் சேனலோடு சேரும் மூலைகளிலும் முதலில் பாருங்கள். பல மாதிரிகளில் சேனலின் முன்பகுதி உட்புறம் தகடு வைத்து மூடப்பட்டிருக்கும். அந்தத் தகடு முடிந்து திறந்த சேனல் தொடங்கும் இடம் தனிக் கவனத்துக்குரியது. விறைப்பான பகுதியும் நெகிழும் பகுதியும் சந்திக்கும் எல்லைக்கோட்டில்தான் உலோகம் அதிகம் வளைகிறது. கொக்கி மாட்டி இழுத்த வண்டியானால் பின் குறுக்குச் சட்டத்தையும் விடாதீர்கள்.

கண்ணுக்குத் தெரிவது விரிசலா, பெயின்ட் வெடிப்பா?

மழையில் ஓடிவிட்டு வந்த ஜீப்பை ஓரிரு நாள் காயவிட்டு, டார்ச் அடித்துக் கீழே படுத்துப் பாருங்கள். புழுதி படிந்த சேனலில் தலைமுடி அளவில் பழுப்பு நிறக் கோடு ஒன்று ஓடி, அதன் கீழ் துருநீர் வழிந்த தடம் இருந்தால், உள்ளே விரிசல் இருப்பதாகவே கொள்ளலாம். இரண்டு விளிம்புகளும் ஒன்றோடொன்று உரசுவதால் உண்டாகும் நுண்ணிய துருத்தூள்தான் அந்தப் பழுப்பு நிறம். பெயின்ட் வெடிப்பில் இது வராது.

உறுதி செய்ய, அந்த இடத்தை வயர் பிரஷ்ஷால் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து மண்ணெண்ணெய் தடவுங்கள். சிறிது நேரம் ஊறிய பின் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் தூளைப் பூசினால், விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் மெல்ல வெளியே கசிந்து வெள்ளைத் தூளில் கோடாகத் தெரியும். பழைய பட்டறைகளின் இந்த முறையே இன்று மூன்று ஸ்பிரே டப்பாக்களாகக் கடையில் கிடைக்கிறது: துடைக்க ஒன்று, ஊடுருவும் சிவப்புச் சாயம் ஒன்று, அதை வெளியே இழுத்துக் காட்டும் வெள்ளைப் பூச்சு ஒன்று. சாயம் விரிசலின் உண்மையான முனையைக் காட்டும் என்பதே அதன் பெரிய பயன். வெறும் கண்ணுக்கு விரிசல் முடிந்ததாகத் தெரியும் இடத்துக்கு அப்பாலும் அது நீண்டிருப்பதே வழக்கம். கிரைண்டரால் தேய்த்துவிட்டுத் தேடாதீர்கள்; தேய்ந்த உலோகம் விரிசலின் வாயை மூடிவிடும்.

விரிசலோடு கொஞ்ச நாள் ஓட்டலாமா?

ஸ்டியரிங் பாக்ஸ் அருகிலோ பட்டை பிராக்கெட்டிலோ இருந்தால் ஓட்டக் கூடாது. அச்சு சற்றே நகர்ந்தாலும் கொண்டை ஊசி வளைவில் வண்டி உங்கள் சொல் கேட்காது. சேனலின் மேல் அல்லது கீழ் விளிம்பில் தொடங்கிய விரிசலும் இதே வகையைச் சேர்ந்ததே, ஏனெனில் வளைவின் சுமை அங்கேதான் உச்சத்தில் இருக்கிறது. செங்குத்துப் பகுதியின் நடுவே, ஒரு துளையைச் சுற்றி மட்டும் உள்ள சிறு விரிசல் அவ்வளவு அவசரமானதல்ல. அப்போதும் சுமை ஏற்றாமல் பட்டறைவரை கொண்டுபோகலாம் என்பதற்குமேல் அதற்குச் சலுகை கிடையாது.

எல்லாச் சேசிஸையும் வெல்டு செய்யலாமா?

இந்த ஜீப்புகளின் சேசிஸ் சாதாரண மென்எஃகால் ஆனது. வெல்டிங்குக்கு நன்றாக ஒத்துழைக்கும். பெரிய லாரிகள் சிலவற்றின் சேசிஸ் வெப்பப் பதப்படுத்திய உயர்வலு எஃகால் ஆனது. வெல்டிங்கின் சூடு பட்ட இடம் பதம் இழந்துவிடும் என்பதால் அதில் கை வைக்கக் கூடாது. லாரிச் சேசிஸை வெட்டி ஜீப்புக்கு ஒட்டுப் போட நினைப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

வெல்டிங்குக்கு முன் எவற்றைக் கழற்ற வேண்டும்?

முதலில் பெட்ரோல் அல்லது டீசல் டேங்க். சி.ஜே.3பி-யில் டேங்க் ஓட்டுநர் இருக்கைக்கு நேர் கீழே இருக்கிறது. சேசிஸின் நடுப்பகுதியில் விழும் எந்தப் பொறிக்கும் அது எட்டும் தூரம். காலி டேங்க் பாதுகாப்பானது என்று நினைப்பது தவறு; உள்ளே நிற்கும் ஆவி திரவத்தைவிட அபாயமானது. ஆகவே டேங்கைக் கழற்றிப் பட்டறைக்கு வெளியே வைத்துவிடுங்கள். பிறகு சேனலை ஒட்டி ஓடும் பிரேக் குழாய், ஒயர் கட்டு, எரிபொருள் குழாய் ஆகியவற்றை விலக்க வேண்டும்.

பேட்டரியின் இரு முனைகளையும், ஆல்டர்னேட்டர் இணைப்பையும் கழற்றுங்கள். வெல்டிங் எர்த் கிளாம்ப்பை விரிசலுக்கு அருகே, சுரண்டிய இரும்பில் மாட்டுங்கள். வண்டியின் மறுமுனையில் மாட்டினால் மின்னோட்டம் வீல் பேரிங் வழியாகவோ பட்டை வழியாகவோ பாய்ந்து அவற்றைக் கெடுக்கும். பொதுவழிக் குழாய் (காமன் ரெயில்) டீசல் எஞ்சின் கொண்ட மகிந்திரா தார் போன்ற பிற்கால வண்டியானால் எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கனெக்டரையும் பிடுங்கிவிட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் ஆர்க் போட்டால் பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயு உண்டாகலாம். துடைக்க அசிட்டோன் போதும். அதுவும் முழுக்க உலர்ந்த பிறகே ஆர்க் போட வேண்டும்.

சேசிஸ் கோணியிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, கட்டடக் கொத்தனார் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாய் மட்டத்தால் நான்கு பிராக்கெட்டுகளின் உயரத்தைப் பாருங்கள். பிறகு இரு பக்கச் சேனல்களிலும் ஒத்த துளைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, அது தொடும் இடங்களைத் தரையில் சாக்பீஸால் குறித்து, மூலைவிட்டங்களை அளந்து ஒப்பிடுங்கள். சில மில்லிமீட்டர் வேறுபாடு பழைய வண்டிக்கு இயல்பே. விரல் அகலத்துக்கு வேறுபட்டால், முதலில் நேராக்கிவிட்டுத்தான் வெல்டிங்கைப் பற்றி யோசிக்க வேண்டும். கோணிய நிலையில் ஒட்டினால் கோணல் நிரந்தரமாகிவிடும்.

விரிசல் வாய் திறந்திருந்தால் அடியில் ஜாக்கி கொடுத்து, இரு விளிம்புகளும் ஒரே கோட்டில் வரும்வரை மெல்ல உயர்த்துங்கள். அந்த நிலையில் எதிர்ப்பக்கச் சேனலோடு சேர்த்து ஓர் ஆங்கிளைத் தற்காலிகமாகப் புள்ளி வெல்டு வைத்துக்கொண்டால், உலோகம் ஆறிச் சுருங்கும்போது சேசிஸை இழுக்காது.

விரிசலைச் சரியாக ஒட்டும் முறை என்ன?

நம் சாலையோரப் பட்டறைகளில் தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். விரிசலின் மேல் ஒரு வெல்டிங் கோட்டை இழுத்துவிட்டு, கிரைண்டரால் பளபளப்பாக்கி, கறுப்புப் பெயின்ட் அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். மேலே ஒரு மில்லிமீட்டர் உலோகம் ஒட்டியிருக்கும். அடியில் பழைய விரிசல் அப்படியே இருக்கும். சில வாரங்களில் அந்த ஒட்டின் நடுவே அது எட்டிப் பார்க்கும்.

சரியான வழி வேறு. சாயம் காட்டிய முனைக்குச் சற்று அப்பால் 5 மி.மீ. அளவில் ஒரு துளை போட்டு, விரிசல் மேலும் ஓடாமல் தடுக்க வேண்டும். பிறகு விரிசல் நெடுகிலும், ஏறத்தாழ 60 பாகைத் திறப்புள்ள வி வடிவப் பள்ளமாகச் சேனலின் முழுத் தடிமனுக்கும் தேய்க்க வேண்டும். விரிசலின் கறுத்த கோடு சிறிதேனும் மிஞ்சியிருந்தால் தேய்ப்பது முடியவில்லை என்று பொருள். இந்த இடத்தில் மறுபடி ஒருமுறை சாயம் போட்டுப் பார்ப்பது வீண் செலவல்ல. வெளிப்பக்கத்திலிருந்து வேர் வரை, அதாவது பள்ளத்தின் அடிவரை, உருகி இறங்கும்படி முதல் ஓட்டம் கொடுத்து, கசடைத் தட்டி நீக்கி, அதன் மேல் நிரப்ப வேண்டும். பிறகு உட்பக்கத்திலிருந்து நல்ல உலோகம் தெரியும்வரை தேய்த்து அங்கும் ஓர் ஓட்டம் வைத்தால்தான் தடிமன் முழுவதும் ஒன்றாகும்.

விரிசல் சேனலின் ஓரம் வரை வந்திருந்தால், அந்த ஓரத்தில் அதே தடிமனுள்ள சிறு துண்டு இரும்பை ஒட்டிவைத்து, வெல்டிங்கை அதன் மேல் கொண்டுபோய் முடித்து, பிறகு அத்துண்டை அறுத்துத் தேய்த்துவிட வேண்டும். ஆர்க் நின்ற இடத்தில் எப்போதும் ஒரு குழி விழும். அந்தக் குழி சேனலின் ஓரத்தில் இருந்தால் அதுவே அடுத்த விரிசலின் தொடக்கம்.

ஆறும்வரை பொறுத்திருங்கள். அவசரத்துக்காகத் தண்ணீர் ஊற்றும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது; அது கூடவே கூடாது. ஆறிய பின் மேல்மேட்டைச் சேனலின் நீளவாக்கில் தேய்த்துச் சமன் செய்யுங்கள். குறுக்காகத் தேய்த்தால் கிரைண்டர் விடும் ஒவ்வொரு கோடும் சுமைக்குக் குறுக்கே கிடக்கும்.

ஆர்க் வெல்டிங் நல்லதா, சி.ஓ.2 வெல்டிங் நல்லதா?

இரண்டும் போதும், செய்பவரின் கைதான் முக்கியம். 7018 வகை ராடு தரும் ஒட்டு, சாதாரணமாகக் கிடைக்கும் 6013 ராடு தருவதைவிட உடையாத தன்மை மிக்கது. ஆனால் 7018-ஐ ஈரம் படாமல் வைத்திருக்க வேண்டும். மலைப்பகுதி மழைக்காலத்தில் திறந்து கிடந்த பாக்கெட்டிலிருந்து எடுத்த ராடு, அதன் பெயருக்குரிய தரத்தைத் தராது. ராடு அடுப்பில் உலர்த்தி எடுத்ததாக இருக்க வேண்டும். சேனல் பெரும்பாலும் 3 மி.மீ. சுற்றி இருப்பதால் 2.5 மி.மீ. ராடு பொருத்தமானது, 4 மி.மீ. ராடோடு வருபவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

கரியமில வாயுவின் மறைப்பில் கம்பியை உருக்கி ஒட்டும் சி.ஓ.2 வெல்டிங்கில் வேறொரு ஏமாற்று இருக்கிறது. மின்னோட்டம் குறைவாக இருந்தாலும் மேலே அழகான, சீரான கோடு விழும். அடியில் இரும்பு உருகியே இருக்காது. அதே தடிமனுள்ள துண்டு ஒன்றில் வெல்டு செய்யச் சொல்லி, வைஸில் பிடித்துச் சுத்தியலால் மடக்கிப் பாருங்கள். ஒட்டோடு பிரிந்து வந்தால் இயந்திரத்தின் அமைப்பு சரியில்லை.

மேலே ஒரு தடித்த தகட்டை வைத்து ஒட்டிவிட்டால் பலம் கூடாதா?

இப்பக்கத்தில் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுவே. நான் மிகக் கடுமையாக மறுப்பதும் இதையே. ஏணிச் சேசிஸ் நெகிழ்ந்து கொடுக்கும்படி வடிவமைக்கப்பட்டது. ஒரு சக்கரம் பாறை மேலும் எதிர்மூலைச் சக்கரம் பள்ளத்திலும் இருக்கும்போது அது முழு நீளத்துக்கும் முறுகுகிறது. நடுவில் ஓரிடத்தில் 8 மி.மீ. தகட்டை ஒட்டிவிட்டால், அந்த இடம் முறுக மறுக்கும். அதன் பங்கையும் சேர்த்துத் தகடு முடியும் இடத்து உலோகம் முறுக வேண்டும். தகட்டை நான்கு பக்கமும் செங்குத்தாக வெட்டிச் சுற்றிலும் வெல்டு செய்திருந்தால், அந்தச் செங்குத்து வெல்டிங் கோட்டிலேயே சேனல் பிளக்கும். சில பழைய ஜீப்புகளில் தகட்டுக்கு அடுத்துத் தகடு, அதற்கு அடுத்து இன்னொரு தகடு என்று வரிசையாக இருப்பதன் கதை இதுதான்.

விரிசலை முழுத் தடிமனுக்கும் ஒட்டிய பிறகு, கூடுதல் தாங்கலாகத் தகடு வைக்கலாம். ஒட்டுக்கு மாற்றாக அல்ல. தகட்டின் தடிமன் சேனலின் தடிமனைத் தாண்டக் கூடாது. வடிவம் நீண்ட வைரக்கல் போல இரு முனையும் கூர்ந்திருக்க வேண்டும், நீளம் விரிசலின் இரு பக்கமும் சேனலின் உயரத்துக்காவது இருக்க வேண்டும். அதைச் செங்குத்துப் பகுதியில் மட்டும், சேனலின் மடிப்பு வளைவுகளைத் தொடாமல் வையுங்கள். மேல், கீழ் விளிம்புகளில் குறுக்காக ஒரு வெல்டிங் கோடுகூட ஓடக் கூடாது. தகட்டில் சில துளைகள் போட்டு அவற்றின் வழியாகவும் ஒட்டினால், நடுப்பகுதி தளர்ந்து அதிராது.

சேசிஸ் முழுவதையும் பெட்டியாக மூடிவிடலாமா?

தீப்பெட்டியின் மேலுறையை முறுக்கிப் பாருங்கள், எளிதில் வராது; ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டால் உடனே முறுகும். திறந்த சேனலை மூடினால் அதே அளவு வேறுபாடு வரும். முழு நீளத்துக்கும் மூடினால் விறைப்பு சீராக இருக்கும், ஆனால் முறுகலின் வேலை முழுவதும் பட்டைகளுக்கும் குறுக்குச் சட்ட இணைப்புகளுக்கும் போய்விடும். பெரிய டயர் போட்டுப் போட்டிகளுக்கு ஓட்டுபவர்களுக்கு அது தேவைப்படலாம். தோட்டத்துக்கு ஓடும் ஜீப்புக்குத் தேவையில்லை. மூடுவதானால் அடியில் நீர் வடியத் துளை விடாமல் மூடாதீர்கள். உள்ளே தேங்கும் சேறு வெளியே தெரியாமலே அரித்துவிடும்.

ஸ்டியரிங் பாக்ஸ் அருகே மட்டும் மீண்டும் மீண்டும் விரிசல் வருகிறதே?

பெரிய டயரும் பவர் ஸ்டியரிங்கும் சேர்ந்த வண்டிகளில் இது வழக்கம். பாறையில் டயர் சிக்கி நிற்கும்போது முன்பெல்லாம் ஓட்டுநரின் கை ஓய்ந்துவிடும். இப்போது பம்ப் ஓயாமல் தள்ளும், அந்த எதிர்விசையைச் சேனலின் ஒற்றைத் தகடு தாங்குகிறது. பெட்டி வடிவப் பகுதியில் போல்ட் போட்டிருந்தால், உள்ளே குழாய்த் துண்டு வைத்து அதன் வழியாகப் போல்ட் செல்ல வேண்டும். குழாய் இல்லாவிட்டால் முறுக்கும்போதே பெட்டியின் சுவர்கள் உள்வாங்கி, சில நாளில் போல்ட் தளர்ந்து, துளை நீள்வட்டமாகி, அதிலிருந்து விரிசல் கிளம்பும். எதிர்ப்பக்கச் சேனல் வரை செல்லும் ஒரு தாங்கு கம்பியும் பயன் தரும்.

துரு அரித்த சேசிஸில் விரிசல் இருந்தால்?

கூர்முனைச் சுத்தியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் உலோகம் உயிரோடு இருக்கிறது. மொத்தென்று ஒலித்துக் குழி விழுந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புதுச் சேனல் துண்டு வைக்க வேண்டும். துருவின் மேல் வெல்டு நிற்காது. அத்தகைய இடங்கள் பல இருந்தால் பழுதுபார்க்கும் செலவை நிறுத்திவிட்டு வேறு சேசிஸ் தேடுவதே நேர்மையான ஆலோசனை.

வேறு சேசிஸ் மாற்றினால் பதிவுக்குச் சிக்கல் வருமா?

வரும். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. புதுப்பேட்டையிலோ வேறு பழைய பொருள் சந்தையிலோ வாங்கிய சேசிஸில் வேறு எண் இருக்கும். ஆகவே வாங்குவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள். பழைய எண் உள்ள துண்டை வெட்டிப் புதியதில் ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பட்டறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள், அது மோசடி.

இருக்கும் சேசிஸைப் பழுதுபார்ப்பது மாற்றியமைப்பு ஆகாது. இருந்தாலும் எண் பொறித்த இடத்தில் கிரைண்டர் படாமல் துணி சுற்றி மறைத்துக்கொள்ளுங்கள். சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குப் பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும்போது ஆய்வாளர் அந்த எண்ணைப் பார்ப்பார்.

வேலை முடிந்த பிறகு கவனிக்க வேண்டியவை என்ன?

வெல்டு செய்த இடத்தை வெறும் இரும்பாக விடாமல் அன்றே துத்தநாகப் பிரைமர் அடியுங்கள். அதன் மேல் வெளிர் நிறப் பெயின்ட் அடிப்பதை நான் விரும்புவேன், ஏனெனில் கறுப்பில் மறையும் பழுப்புக் கோடு வெளிர் சாம்பலில் உடனே தெரியும். முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பின் யு-போல்ட், பிராக்கெட் போல்ட், ஸ்டியரிங் பாக்ஸ் போல்ட் அனைத்தையும் மீண்டும் முறுக்கிப் பாருங்கள். ஷேக்கிள்களுக்குக் கிரீஸ் அடிக்கும்போது பழைய கிரீஸ் மறுபக்கம் வெளியே வரும்வரை அடியுங்கள். வரவில்லை என்றால் அந்தப் புஷ் அடைத்திருக்கிறது, கழற்றிச் சுத்தம் செய்யாமல் வண்டியை மலைக்கு அனுப்பாதீர்கள்.